குளக்கரைக் காட்டு நெல்லால் வெள்ளாமைக்கு என்ன பயன்?

சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காட்டு நெல்லைப் பிடுங்கி எறியத்தானே வேண்டும், அதில் நோயெதிர்ப்பு மரபணு இருக்கிறது என்கிறார்களே?"

வயலுக்குள் வந்தால் பிடுங்கத்தான் வேண்டும். ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நெல்மணியின் நுனியில் நீளமான வால், முற்றியதும் தொட்டாலே உதிரும். அறுவடைக்கு உதவாது. ஆனால் மருந்தும் உரமும் இல்லாமல் காலங்காலமாக நோயோடு மல்லுக்கட்டித் தப்பிய செடி அது. நாமோ விளைச்சலைப் பார்த்தே விதை தெரிந்ததில் பல எதிர்ப்பு மரபணுக்களை வழியில் தவறவிட்டோம்.

1970களில் ஆசிய வயல்களில் புல்போலக் குட்டையாக்கும் வைரஸ் ஒன்று பரவியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளைச் சோதித்தது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில்தான் எதிர்ப்பு கிடைத்தது. அதைப் பயிர் நெல்லோடு இனக்கலப்புச் செய்து, பிறந்ததை மறுபடி மறுபடி பயிர் நெல்லோடேயே கலந்தார்கள். உதிரும் குணம் போய் எதிர்ப்பு மட்டும் தங்க வேண்டுமே! 1976இல் வெளியான ஐஆர் 36 என்ற நெல் வகையில் அந்த மரபணு இருக்கிறது.

அந்த வைரஸைக் காவுவது நம்மூர் அறக்கொட்டி, அதாவது கபிலத் தத்தி என்ற பூச்சி. ஆனால் இந்த மரபணு வைரஸைத்தான் தடுக்கும், தத்தியை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரைசா நிவாரா இலங்கையின் உலர்வலயத்திலும் வளர்கிறது. அப்புறம், ஒரைசா ரைசோமாட்டிஸ் என்ற காட்டு நெல் இனம் இலங்கைக்கே உரியது. ஆகவே வயலுக்குள் பிடுங்குங்கள், குளக்கரையில் நிற்பதை விட்டுவிடுங்கள்.