வெளிநாட்டில் முதல் நத்தார் விடுமுறையைத் தனியாக எப்படிக் கழித்தீர்கள்?

கேட்டிருப்பவர் ஒக்டோபரில் இங்கிலாந்துக்குப் படிக்க வந்தவர். கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் நத்தாருக்கு உறவினர் வீடுகளுக்குப் போகிறார்களாம். பத்து நாட்கள் வெறும் வீட்டில் இருக்கப்போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது, மற்றவர்கள் முதல் வருடத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்கிறார்.

நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவள். 2023 செப்டம்பரில் வட இங்கிலாந்தின் ஒரு சிறிய நகரத்துக்கு, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலைக்கு வந்தேன். உங்களுக்கு இருக்கும் பயம் எனக்கு அப்போது இருக்கவில்லை. பத்து வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒளி விழாவுக்குக் கரோல் பாடியவளுக்கு நத்தார் என்ன புதிதா என்ற எண்ணம். பயந்திருந்தால் நல்லது. ஒரு பாணாவது வாங்கி வைத்திருப்பேன்.

ஊரில் நத்தாரன்றும் பஸ் ஓடும், சந்திக் கடை திறந்திருக்கும், பாண்காரரின் முச்சக்கர வண்டி இசை போட்டபடி ஒழுங்கைக்குள் வரும். இங்கே டிசம்பர் 25 அன்று ரயில் இல்லை, எங்கள் நகரத்தில் பஸ்ஸும் இல்லை. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கவே கூடாது என்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். மாதத்துக்கொரு பூரணை விடுமுறை கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இவர்களுக்கு வருடம் முழுவதும் எட்டுப் பொது விடுமுறைதான். அதில் இந்த ஒரு நாளை மட்டும் ஊரடங்குச் சட்டம் போல் அனுஷ்டிக்கிறார்கள். ஊரடங்கு எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதை மின்விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டாடுவதை இங்கேதான் பார்த்தேன்.

பாண் சின்னப் பிழை. பெரிய பிழை தொலைபேசி. குளிர்காலத்தில் இங்கிருந்து ஊருக்கு ஐந்தரை மணித்தியாலம். 24ஆம் திகதி மாலை மூன்றே முக்காலுக்கே இருட்டிவிட்டது. கூடவிருந்த மலையாளப் பெண்கள் நால்வரும் மதியமே புறப்பட்டுவிட்டார்கள். ஆறரை மணிக்கு ஊரில் நள்ளிரவு. புளியந்தீவில் மரியாள் பேராலயத்துத் திருப்பலிக்குப் போன தோழிகள் ஒவ்வொருவராகப் படம் போடத் தொடங்கினார்கள். நான் கட்டிலில் கிடந்து ஒவ்வொன்றையும் பெருப்பித்துப் பார்த்தேன். யாருடைய சேலை, பின்னால் நிற்பது யார், மழை பெய்திருக்கிறதா. ஒன்பது மணியளவில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். எனக்கு இரவு அப்போதுதான் தொடங்குகிறது. மறுநாள் பகலும் அப்படியே. அம்மாவோடு நான்கு தரம் பேசினேன். நான்காவது தரம் பேச எதுவும் இருக்கவில்லை, "சாப்பிட்டாயா மகள்?" என்று அவர் கேட்பதும், நான் பொய் சொல்வதும்தான் மிச்சம். நாள் முழுவதும் வீடியோ அழைப்பில் இருந்தால் தனிமை தெரியாது என்று இங்கே பலர் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது புண்ணைச் சொறிவது போலத்தான் இருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இது எல்லோருக்கும் பொருந்தாது, எங்கள் கரையோரத்தவர்களுக்குப் புரியும். எங்களுக்கு டிசம்பரின் கடைசி வாரம் ஒரு நிறத்தில் வருவதில்லை. மார்கழித் திருவெம்பாவை பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். 2023-இல் திருவாதிரை டிசம்பர் 27. வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, விடியற்காலையில் கோயில் மணி. பக்கத்து வளவில் ஒரு பறங்கிக் குடும்பம். அந்த அன்ரி சவுக்குக் கிளையொன்றை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி பெய்யவைப்பார். எங்களுக்கு ஒரு தட்டுக் கேக் வரும். முட்டை போட்ட கேக் அல்லவா, வீட்டுக்குள் வரும், வாய்க்குள் போகாது. அம்மா அதைத் தகரப் பேணியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். திருவாதிரை முடிந்த மறுநாள்தான் பேணி திறக்கும். அந்த அன்ரி இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்; அங்கே நத்தாருக்குக் கொதிக்கும் வெயிலாம்.

சுனாமி வந்த 2004-இல் எனக்கு ஒன்பது வயது. திருவெம்பாவை என்று எங்களை பெத்தா (பாட்டி) வீட்டுக்கு, வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அதனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்னம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் நாவலடியில் இருந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் திட்டு, அதுதான் நாவலடி. திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. அந்த வருடத்துக் கேக், பேணி, அலுமாரி, வீடு எதுவும் இல்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்று சாய்ந்தது.

ஆக, இங்கே 26ஆம் திகதி 'பாக்ஸிங் டே'. மலிவு விற்பனை. எங்களுக்கு அது வேறு நாள். இந்த இரண்டையும் ஒரே அறையில், தனியாக, கையில் தொலைபேசியோடு வைத்துக்கொண்டிருப்பது நல்லதில்லை என்று 25 மாலைதான் எனக்கு உறைத்தது. நல்ல வேளையாக அன்றிரவு எனக்கு வேலை இருந்தது. புதிதாக வந்தவள் என்பதால் யாரும் விரும்பாத இரவை என் தலையில் கட்டியிருந்தார்கள். அப்போது மனதுக்குள் திட்டினேன். இப்போது ஒவ்வொரு வருடமும் நானே கேட்டு வாங்குகிறேன்.

பஸ் இல்லாததால் நடந்தேன். ஐம்பது நிமிட நடை. வழியில் ஒரு நாயைக்கூடக் காணவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் மரம், விளக்கு, உள்ளே தலைகள். நான் கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு போனேன்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் இறைச்சி வறுத்த வாசமும் மருந்து வாசமும். இரவு வேலையை ஒப்படைத்துவிட்டுப் பகல் பணியாளர்கள் பறந்துவிட்டார்கள். மின்ஸ் பை ஒரு தட்டு எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். பெயரில் கொத்திறைச்சி, உள்ளே உலர்ந்த பழம். ஆனால் பழைய முறைப்படி செய்தால் மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்று சமையல்காரர் முன்பே எச்சரித்திருந்ததால் தொடவில்லை. பிள்ளை போல் பத்திரமாகக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

தொண்ணூற்றிரண்டு வயதுப் பாட்டி ஒருவர் உறங்காமல் காத்திருந்தார். மேசையில் மீந்த கிராக்கர் ஒன்று. வெடிக்கும் பட்டாசு என்று நினைத்துவிடாதீர்கள், பளபளக்கும் கடதாசிக் குழல்தான். இரண்டு முனையையும் இருவர் பிடித்து இழுத்தால் 'டப்' என்று பிரியும், உள்ளே ஒரு கடதாசிக் கிரீடமும் உப்புச் சப்பில்லாத நகைச்சுவையும் இருக்கும். பகல் முழுவதும் தனக்கு இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்று முறைப்பட்டார். அவருடைய மகன் வருவதாகச் சொல்லி வரவில்லை என்று பிறகு தெரிந்தது. இழுத்தோம். பெரிய பாதி என் கையில் வந்தது. அதனால் கிரீடம் எனக்காம், அது சட்டமாம். பச்சை நிறக் கடதாசி. அதைத் தலையில் போட்டுக்கொண்டு அவருக்குப் போர்வையைச் சரிசெய்தேன். மறுகா கழற்றலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். 'மறுகா' என்றால் பிறகு என்று அர்த்தம், மட்டக்களப்பார் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரவு வேலை என்பது பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க, அசைய முடியாதவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இருவராகச் சேர்ந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஈரமானால் மாற்ற வேண்டும், எழுதி வைக்க வேண்டும். கை வேலையில் இருந்தால் மனம் அங்குமிங்கும் போவதில்லை.

இலங்கையில் ஒவ்வொரு 26ஆம் திகதியும் காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிட மௌனம். இங்கே அது அதிகாலை 3.55. நான்கு மணிச் சுற்றுக்கு விரிப்புகள் எடுப்பதற்காகத் துணி அலுமாரி அறைக்குப் போனேன், அந்த நேரத்தைப் பார்த்துத்தான் போனேன். மேகம் விலகியிருந்தது. ஜன்னலில் நிலவு முழுசாக நின்றது. பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை பூரணை அதே திகதிக்குத் திரும்பி வரும். 2004 டிசம்பர் 26 பூரணை நாள், ஞாயிற்றுக்கிழமை. 2023-இலும் அன்று பூரணை. நாட்காட்டியில் முன்பே பார்த்திருந்தேன், இருந்தும் அதை அப்படி நேரில் காண எதிர்பார்க்கவில்லை. இரண்டு விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நெற்றியில் ஏதோ அரித்தது. கிரீடம். அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். மறுபடி கண்ணை மூடவும் அழைப்பு மணி அடித்தது. ஏழாம் அறைத் தாத்தாவுக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். அவசரம் என்றார், உண்மையிலேயே அவசரம்தான். அவரைக் கொண்டுபோய் இருத்தி, வெளியே கதவருகே நின்று நேரம் பார்த்தபோது 3.59. என் அஞ்சலி அரை நிமிடத்துக்கு மேல் இருக்காது.

காலை எட்டு மணிக்கு வெளியே வந்தேன். துணிக்கடையொன்றின் வாசலில் இருட்டோடு இருட்டாக வரிசை நின்றது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நாவலடி நினைவுத்தூபியில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியிருந்த அம்மா அழைத்தார். ஆறு நிமிடம் பேசினோம். அந்த முறை சொல்ல விஷயம் இருந்தது: பாட்டி, கிரீடம், தாத்தாவின் அவசரம். அம்மா சிரித்துவிட்டார், பிறகு அழுதார், பிறகு வாவித் தண்ணீர் ஏறுகிறது, முகத்துவாரத்தை வெட்டிவிடப் போகிறார்களாம் என்று ஊர்ச் செய்திக்குத் தாவினார். நான் வந்து படுத்து மாலை மூன்று மணி வரை அடித்துப்போட்டது போல் உறங்கினேன்.

இந்தக் கதையில் உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான். இவர்களுடைய நாளில் வேலை செய்யுங்கள்; பதிலுக்கு உங்களுடைய நாளை வாங்கிக்கொள்ளுங்கள். வேலையிடங்களில் ரோட்டா என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அதில் டிசம்பர் 25 இரவு தங்கம். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்பவருக்கு வேறு எந்த நாளையும் மறுக்க மாட்டார்கள். நான் அதை 2024 ஜனவரி 15-க்கு, தைப்பொங்கலுக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணாடித் தட்டு மின் அடுப்பில் பொங்கினேன். தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால், சர்க்கரை, பயறு, கஜு. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிப் புகைந்தது. புகை எச்சரிக்கை மணி வீடு அதிர அலறியது. மலையாளப் பெண்களில் ஒருத்தி கதிரை மேல் ஏறித் துவாயால் விசிறி அதை அடக்கினாள். இன்னொருத்தி குரவையிட்டாள். அடுப்புத் தட்டைச் சுரண்ட எனக்கு இரண்டு நாள் எடுத்தது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு விஷயம். கல்விக்காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் என்ற வேலைக் கட்டுப்பாடு, பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ விடுமுறையில் தளரும். உங்கள் விசா நிபந்தனையையும் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் விடுமுறைத் திகதிகளையும் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். நத்தாரன்று அதிகச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எங்கள் இல்லத்தில் ஒன்றரை மடங்கு தருகிறார்கள், சில இடங்களில் ஒரு சதமும் கூட்டித் தரமாட்டார்கள். முதலிலேயே கேளுங்கள். எங்கள் இடத்தில் நவம்பர் முதல் வாரத்தில் பட்டியல் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் போய்ச் சொல்லி வையுங்கள். 24ஆம் திகதி மதியத்துக்குள் பாண் வாங்கிவிடுங்கள்.