பைத்தானில் வெறும் ‘எக்ஸெப்ட்’ எழுதுவதில் என்ன தவறு?

நிரல் நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதை முழுவதுமாக ‘டிரை’ தொகுதிக்குள் (பிழை எழக்கூடிய வரிகளை வைக்கும் இடம்) வைத்து, கீழே எந்தப் பிழை என்று பெயர் சொல்லாத வெறும் ‘எக்ஸெப்ட்’ (எழும் பிழையைப் பிடிக்கும் பகுதி), அதற்குள் ‘பாஸ்’ (எதுவும் செய்யாதே என்னும் கட்டளை) என எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், நிரலும் ஓடும். ஆனால் பிழை நீங்குவதில்லை, கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான்.

பயனர் தரும் வயதை ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அவர் ‘பத்து’ என எழுத்தில் தட்டினால் எழுவது, மதிப்பு பொருந்தவில்லை என்னும் ‘வேல்யூஎரர்’ பிழை. அதை மட்டும் பிடித்து, வயதை மீண்டும் கேட்பதே முறை. வெறும் ‘எக்ஸெப்ட்’ எழுதினாலோ, மாறியின் பெயரை நீங்கள் தப்பாகத் தட்டியதால் எழும் ‘நேம்எரர்’ கூட அதில் அகப்பட்டு, பழி பயனர்மேல் விழும். அதைவிடத் தொல்லை, கண்ட்ரோல்-சி அழுத்தி நிரலை நிறுத்த முயலும்போது எழும் ‘கீபோர்டுஇன்டரப்ட்’டையும் அது விழுங்கிவிடும். இந்த வகுப்பு, வழக்கமான பிழைகளின் பொது வகுப்பான ‘எக்ஸெப்ஷன்’ என்பதன்கீழ் வராமல், அதற்கும் மேலுள்ள ‘பேஸ்எக்ஸெப்ஷன்’ வழியில் நேரே வருவதால், எல்லாவற்றையும் பிடித்தே ஆக வேண்டுமென்றால் குறைந்தது ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்றாவது எழுதுங்கள்; அது கண்ட்ரோல்-சியை விழுங்காது.

வயது -5 என்றால் ‘இன்ட்’ மறுக்காது; அங்கே ‘ரைஸ்’ கொண்டு நீங்களே ‘வேல்யூஎரர்’ எழுப்ப வேண்டும். பிடித்த பிழையை வேறு பெயரில் மேலே அனுப்புவதானால், பைத்தான் 3-இல் உள்ள ‘ரைஸ் … ஃப்ரம்’ வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பிழைத்தடத்தில் (பிழை எழுந்த வழியைக் காட்டும் பட்டியலில்) மூலப் பிழையே நேரடிக் காரணமாகக் காட்டப்படும்.