கலிபோர்னியாவில் கோப்ரா கிட் காரைப் பதிவு செய்வதும் காப்பீடு எடுப்பதும் எப்படி?

கேள்வி இதுதான்: ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கோப்ரா கிட் (1960களின் ஷெல்பி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைப் போலவே வீட்டில் கட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பு) வாங்கி, பழைய ஃபோர்டு மஸ்டாங்கிலிருந்து கழற்றிய 302 எஞ்சினையும் டி5 கியர்பாக்ஸையும் போட்டு, கலிபோர்னியாவில் வீட்டு கராஜிலேயே ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இதை “1965 கோப்ரா” என்று பதிவு செய்ய முடியுமா, காப்பீடு எப்படி எடுப்பது?

சுருக்கமாகச் சொன்னால், “கோப்ரா” என்ற பெயர் உரிமைப் பத்திரத்தில் வராது. ஸ்மாக் எனப்படும் புகை மாசுச் சோதனைக்கு மட்டும் 1965 என்ற ஆண்டு கிடைக்க வழி இருக்கிறது. அந்தச் சலுகையும் மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 500 கார்களுக்குத்தான். பெயர் வேறு, ஆண்டு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பதிவிலும் பிறகு காப்பீட்டிலும் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பெயர். தொழிற்சாலையில் கட்டாமல், விற்பனைக்காக அல்லாமல், சொந்த உபயோகத்துக்கு ஒருவர் தானே கட்டிய வண்டிக்குக் கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 580ஆம் பிரிவு தனி வகை வைத்திருக்கிறது: சிறப்பாகக் கட்டப்பட்ட வாகனம் (ஸ்பெஷலி கன்ஸ்ட்ரக்டட் வெஹிக்கிள்). பத்திரத்தில் தயாரிப்பு என்ற இடத்தில் “எஸ்பிசிஎன்எஸ்” என்று சுருக்கமாகப் போடுவார்கள். கிட்டிலிருந்து கட்டலாம், புதிய பாகம், பழைய பாகம், இரண்டும் கலந்து என எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் அது அசல் கோப்ராவைத் தயாரித்த ஷெல்பியும் ஆகாது, ஃபோர்டும் ஆகாது.

பழைய 1965 மஸ்டாங்கின் பத்திரத்தை வாங்கி, அதன் வின் (வாகன அடையாள எண்) தகட்டைக் கழற்றி கிட் காரில் அடிக்கும் “குறுக்குவழி”யை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அது குற்றம். இன்று யார் கண்ணிலும் படாவிட்டாலும், விற்கும்போதோ விபத்துக்குப் பிறகோ யாராவது தகட்டையும் சேஸிஸையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கார் பறிமுதல் வரை போகும்.

கோப்பு போடுவதை முதல் பெட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே தொடங்குங்கள். கிட்டோடு வரும் தயாரிப்பாளரின் மூலச் சான்று, அதாவது எம்எஸ்ஓ, எல்லாவற்றுக்கும் அடிப்படை. பாதி கட்டிய கிட்டை வேறொருவரிடமிருந்து வாங்கினால் அந்தச் சான்றின் பின்பக்கத்தில் முதல் உரிமையாளர் உங்களுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்துக் கிட்டை ஏற்றிக்கொண்டு வந்த பிறகு “சான்றைத் தபாலில் அனுப்புகிறேன்” என்பவரை நம்புவது ஆபத்து. அதைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். அடுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ், பாடி ஆகிய நான்கு பெரிய பாகங்களுக்கும் பில் அல்லது விற்பனைச் சீட்டு வேண்டும். சீட்டில் விற்றவர் பெயர், முகவரி, தேதி, தொகை, பாகத்தின் எண் எல்லாம் இருக்கட்டும். “பழைய எஞ்சின், 800 டாலர்” என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு பதிவு அலுவலகக் கவுண்டரில் செல்லுபடியாகாது. முழு மஸ்டாங்கையும் வாங்கிப் பிரித்திருந்தால் அதன் உரிமைப் பத்திரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கே ஒரு சின்ன வேலை, ஆனால் பின்னால் பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும். 302 பிளாக்கின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், பெல்ஹவுசிங் சேரும் இடத்துக்கு மேலே, ஒரு சமமான பட்டையில் பழைய காரின் வின் எண்ணின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். எஞ்சினை சேஸிஸில் இறக்கிவிட்டால் அங்கே கண்ணாடி வைத்துப் பார்ப்பதுகூடக் கஷ்டம். அதனால் இறக்குவதற்கு முன்பே கிரீஸைத் துடைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி விளக்கைப் பிடித்து, எண் தெளிவாகத் தெரியும் படம் எடுத்து வையுங்கள். பிளாக்கில் மேடாக வார்த்திருக்கும் எண் வேறு. அது வார்ப்பு எண். ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் ஒரே மாதிரி இருக்கும், அடையாளத்துக்கு உதவாது. டி5 கியர்பாக்ஸில் வால் பகுதி போல்ட்டில் சின்ன உலோகச் சீட்டு தொங்கும். பெயின்ட் அடிக்கும்போது அதைக் கழற்றித் தொலைத்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. சேஸிஸில் கிட் தயாரிப்பாளர் குத்திய எண் மீதும் பவுடர் கோட்டிங் தடிமனாக விழுந்தால் எண் மங்கும், அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து மூடினால் பார்க்கவே முடியாது. பழைய பாகம் வாங்கும்போது எண்ணை அரம் போட்டு அழித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எண் அழித்த பாகத்தைக் காவல்துறை எடுத்துக்கொண்டு போகலாம், நீங்கள் நல்ல எண்ணத்தில் வாங்கியிருந்தாலும்.

இனி 500 என்ற எண்ணிக்கை. எஸ்பி 100 என்று எல்லோரும் சொல்லும் சட்டம் இப்படி வேலை செய்கிறது. மாநில மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் இந்தச் சலுகைக்கான 500 வரிசைச் சான்றுகள் தருகிறது, முதலில் வருபவருக்கு முதலில். ஜனவரியின் முதல் வேலை நாளில் கவுண்டர் திறக்கும்போதே ஆட்கள் நிற்பது இதற்காகத்தான். சில ஆண்டுகளில் முதல் நாளிலேயே தீர்ந்திருக்கிறது, சில ஆண்டுகளில் மெதுவாகப் போகும். எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று ஊகிக்காமல் முதல் நாளுக்கே தயாராவதுதான் புத்திசாலித்தனம். டிசம்பரிலேயே பதிவு விண்ணப்பமான ரெக் 343, கட்டுமான வாக்குமூலமான ரெக் 5036, பில்கள், எம்எஸ்ஓ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி, கட்டணத்துக்குப் பணமும் ஒதுக்கி வையுங்கள். பல கிளை அலுவலகங்களில் இந்த விண்ணப்பம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். கவுண்டரில் இருப்பவர் இதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். அதனால் டிசம்பரில் ஒரு நாள் போய், இதைக் கையாளத் தெரிந்தவர் யார் என்று கேட்டு வைத்துக்கொண்டால் ஜனவரியில் அந்த முதல் நாள் காலை நேரம் வீணாகாது.

வரிசைச் சான்று கையில் இருந்தால் ஸ்மாக் ரெஃப்ரீ எனப்படும் அரசு நடுவர் மையத்துக்கு நேரம் வாங்க வேண்டும். அங்கே முடிவு உங்களுடையது: எஞ்சினை வைத்து ஆண்டு முடிவு செய்யச் சொல்லலாம், அல்லது பாடியை வைத்து. நடுவர் உங்கள் காரை அது அதிகம் ஒத்திருக்கும் காலத்துப் பாடியோடோ எஞ்சினோடோ ஒப்பிட்டு அந்த ஆண்டைத் தருவார். எதையுமே ஒத்திருக்காத வடிவம் என்றால் 1960. கோப்ராவின் 427 என்ற மாடலின் பாடியைத் தேர்ந்தெடுத்தால் 1965 என்ற பதில் எளிதாக வரும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் சோதனை இல்லை என்பதால்தான் இந்தச் சான்றுக்கு இவ்வளவு மவுசு. அந்த ஆண்டுக் கார்களில் இருந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் மட்டும் உங்கள் காரில் இருந்தால் போதும். கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வை மறந்துவிட்டு, வால்வ் கவரில் வெறும் மூச்சுக் குழாய் மூடியை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சில டாலர் வால்வுக்காக இன்னொரு முறை டிரெய்லர் பிடித்து வர வேண்டியிருக்கும்.

வரிசைச் சான்று கிடைக்காவிட்டால் கார் பதிவே ஆகாது என்றில்லை. நவீன மாசுக் கட்டுப்பாட்டோடு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்றே கலிபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி பெற்ற எஞ்சின் தொகுப்புகள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் இ-ராட் அப்படிப்பட்டது: எஞ்சின், கணினி, ஆக்சிஜன் சென்சார்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிக்குடுவை எல்லாம் சேர்த்து வரும். கோப்ராவில் செவ்ரோலே எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, அந்த மனநிலை புரிகிறது. ஆனால் ஜனவரிக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு அது நேர்மையான வழி.

வின் எண்ணைத் தருவது நெடுஞ்சாலை ரோந்துக் காவல். டிஎம்வி பார்த்து அனுப்பிய பிறகு அவர்களிடம் நேரம் வாங்கி, காரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ் எண்களைத் திருட்டுப் பட்டியலோடு சரிபார்த்துவிட்டு, மாநிலம் ஒதுக்கும் எண் கொண்ட தகட்டை அவர்களே காரில் பொருத்துவார்கள். முன்னே சொன்ன படங்களுக்கு இங்கேதான் வேலை. படமும் பில்லும் ஒத்துப்போனால் விஷயம் சீக்கிரம் முடியும்.

பாதுகாப்புப் பரிசோதனையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பழைய பிரேக் சான்று, விளக்குச் சான்று இரண்டுக்கும் பதிலாக 2024 முதல் ஒரே வாகனப் பாதுகாப்பு அமைப்புப் பரிசோதனை வந்திருக்கிறது. கோப்ராக்கள் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவைதான்: பிடிக்காத ஹேண்ட் பிரேக், தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழே இறங்கிய ஹெட்லைட், சரியாக எர்த் ஆகாததால் மங்கலாக எரியும் பின்விளக்கு. ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி சேஸிஸ் வரை போக வேண்டும். சைடு பைப் சத்தத்துக்கு எல்லை 95 டெசிபல், வெறும் குழாய் அதைத் தாண்டிவிடும். இந்த இடங்களுக்கெல்லாம் டிரெய்லரில் கொண்டுபோவது நல்லது. ஓட்டித்தான் போக வேண்டுமென்றால் டிஎம்வியின் ஒரு நாள் நகர்த்தல் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கும் பொறுப்புக் காப்பீடு அமலில் இருக்க வேண்டும்.

காப்பீட்டுக்கு வருவோம். கார் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கராஜில் பெட்டி பெட்டியாக இருக்கும் பாகங்களுக்கு வீட்டுக் காப்பீடு பொதுவாக ஈடு தராது, மோட்டார் வாகனப் பாகங்கள் என்று விலக்கிவிடும். தீயோ திருட்டோ வந்தால் கிட் முழுதும் உங்கள் தலையில். கட்டுமானத்தில் இருக்கும் காருக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, பழைய கார்களுக்கான ஹாகர்ட்டி அதில் ஒன்று. பில் சேரச் சேரத் தொகையை ஏற்றிக்கொண்டே போகலாம்.

முடிந்த காருக்கு மூன்று சொற்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசியில் தேய்மானம் போக உள்ள சந்தை மதிப்பு. இரண்டாவது, சொன்ன மதிப்பு. பெயரைக் கேட்டால் நீங்கள் சொன்ன தொகை முழுதும் கிடைக்கும் போலிருக்கும். ஆனால் அது உச்சவரம்புதான். சந்தை மதிப்பு அதைவிடக் குறைவு என்றால் குறைந்ததையே தருவார்கள். மூன்றாவது, ஒப்புக்கொண்ட மதிப்பு. கார் முழுதும் அழிந்தால் எழுதிய தொகை அப்படியே கைக்கு வரும். கிட் காருக்கு மூன்றாவதைத் தவிர வேறு எதையும் எடுக்க வேண்டாம். உதாரணத்துக்கு, பில்கள் கூட்டினால் 55,000 டாலர் வருகிறது, இரண்டு வருட உழைப்புக்குப் பில் இல்லை. இதே போன்ற முடிந்த கார்கள் 70,000க்குப் போகின்றன என்றால், மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கி 70,000க்கு ஒப்புக்கொள்ள வைக்கலாம். இதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது: பூட்டிய கராஜ், தினசரி ஓட்ட வேறொரு கார், ஒழுங்கான ஓட்டுநர் பதிவு. வேலைக்குத் தினமும் ஓட்டக்கூடாது. நேரம் கணக்கிடும் டிராக் பந்தயத்துக்கு ஈடு கிடையாது.

இணையப் படிவத்தில் வின் எண் கேட்கும் கட்டம் 17 எழுத்தைத்தான் ஏற்கும், ஒதுக்கப்பட்ட எண் அதில் பொருந்தாமல் போகலாம். அப்போது சிலர் பட்டியலில் இருக்கும் “1965 ஷெல்பி கோப்ரா”வைச் சொடுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அசல் கோப்ராக்கள் ஆயிரத்தை ஒட்டித்தான் தயாராயின, ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர். பாலிசியில் ஷெல்பி, பத்திரத்தில் எஸ்பிசிஎன்எஸ் என்று இருந்தால் க்ளெய்ம் வரும் அன்று “தவறான தகவல்” என்று சொல்லிக் கையை விரிக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். தொலைபேசியில் பேசி, ரெப்ளிகா, அதாவது அசலைப் போலக் கட்டிய கார், என்று சொல்லி, ஒதுக்கப்பட்ட எண்ணை எழுத்து எழுத்தாகப் படித்து, பாலிசியில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பொறுப்புக் காப்பீட்டில் கலிபோர்னியாவின் குறைந்தபட்சம் 2025 ஜனவரி 1 முதல் ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர். அதோடு நின்றுவிடாதீர்கள். காற்றுப்பை இல்லாத திறந்த கார் இது. காப்பீடு இல்லாதவர் வந்து மோதினால் உங்கள் மருத்துவச் செலவுக்கு ஈடு தரும் பகுதியைத் தாராளமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கான கூடுதல் பிரீமியம் கொடுக்கத் தகுந்தது.

கட்டாமல், முடிந்த ரெப்ளிகாவை வேறு மாநிலத்திலிருந்து வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் கொடுக்கும் முன் பத்திரத்தின் படத்தைக் கேளுங்கள். தயாரிப்பு இடத்தில் ஃபோர்டு, ஷெல்பி என்று போட்டிருந்தால் கலிபோர்னியா கவுண்டரில் அதே பேச்சு முதலிலிருந்து தொடங்கும், அதுவும் கட்டியவரின் பில்கள் எதுவும் உங்கள் கையில் இல்லாமல்.