ஆடுவது கேப்பா, இம்பிளான்ட்டா?

கேள்வி: எனக்கு 56 வயது. கீழ்வரிசையில் வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளான்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் ஒன்றின் கேப் ஆடியது, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார்கள். இப்போது மறுபடியும் ஆடுகிறது. நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். ‘வயிற்றில் பூச்சி, மாத்திரை போடுங்கள்’ என்கிறார் மனைவி. இம்பிளான்ட் வீணாகிவிட்டதா? இடது பக்கமும் ஒன்று வைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்.

பதில்: பல் கடிப்பதற்காகப் பூச்சி மாத்திரை வேண்டாம். ஆனால் உங்கள் மனைவியின் காதை நான் நம்புகிறேன். இதைத் தானாக வந்து சொல்லும் நோயாளிகள் குறைவு. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்வார். காலையில் தாடை இறுக்கமாக இருக்கிறதா, நெற்றிப்பொட்டு வலிக்கிறதா, பல் முனைகள் தேய்ந்து தட்டையாகிவிட்டனவா என்று பாருங்கள்.

சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் ஒன்று உண்டு. கடிக்கும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அழுத்தம் எவ்வளவு என்று மூளைக்கும் சொல்லும். இம்பிளான்ட் என்பது எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர், அதன் மேல் கேப்பை, அதாவது செயற்கைப் பல்லை, ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. அதில் இந்தத் தசைநார் இல்லை. அதன் டைட்டானியம் உலோகம் நேரடியாக எலும்போடு ஒட்டியிருக்கிறது. அதனால் கூடுதலாகக் கடித்தாலும் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சோறு மெல்லும்போது பல்லோடு பல் அதிகம் உரசாது. தூக்கத்தில் அப்படியில்லை, பக்கவாட்டில் வைத்து அரைப்பீர்கள். அந்தப் பக்கவாட்டு விசைதான் ஸ்க்ரூவைத் தளர்த்துகிறது. சிலருக்கு கேப்பின் பீங்கான் உடையும், அபூர்வமாக இம்பிளான்டே முறியும்.

ஆடுவது கேப் மட்டும்தான் என்றால் பயம் வேண்டாம், எலும்புக்குள் இருப்பது பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். இம்பிளான்டே ஆடினால் கதை வேறு. எக்ஸ்ரே எடுத்து, கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். தளர்ந்த ஸ்க்ரூவோடு மென்றால் அது உள்ளேயே முறியலாம். முறிந்த துண்டை எடுப்பது எங்களுக்கே தலைவலி.

இந்த முறை வெறுமனே முடுக்கி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது ஸ்க்ரூ வேண்டுமா என்று கேளுங்கள். வாயைப் பக்கவாட்டில் அசைக்கும்போது அந்த கேப் எதிர்ப்பல்லில் இடிக்கிறதா என்று கலர் பேப்பர் வைத்துப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் கார்டு போதும். கடையில் விற்கும் ரப்பர் மாதிரி மெத்தென்றது வேண்டாம், சிலர் அதை இன்னும் அதிகமாக மெல்லுகிறார்கள். கார்டு கடிப்பதை நிறுத்தாது, விசையைப் பரப்பிவிடும், அவ்வளவுதான். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும்.

குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதியுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, சிகரெட், மது குறையட்டும்.

இடது பக்கத்துக்கு அவசரம் இல்லை. சில மாதம் கார்டு போட்டுத் தூங்குங்கள். வலது பக்கம் ஆடாமல் நின்றால், கார்டையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டு இடது பக்க இம்பிளான்ட்டை வையுங்கள். புது கேப் வந்த பிறகு பழைய கார்டு பொருந்தாது, மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.