போலீஸ் தொடரில் நடுவில் ஒரு புதிய எதிரி வந்தால் கதை எப்படி மாறும்?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போலீஸ் தொடரில் புதிதாக ஒரு எதிரியைக் கொண்டுவந்தால் கதை தேறுமா, கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த வரையில் இதற்குச் சரியான பதில் 'தி ஷீல்ட்' தொடர்தான். முக்கியமான திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2002 முதல் 2008 வரை ஏழு சீசன் வந்த அமெரிக்கத் தொடர் இது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் விக் மெக்கி என்று ஒரு டிடெக்டிவ். ரவுடிகளை அடக்குவான், அவர்களிடமே காசும் பார்ப்பான். தன்னை உளவு பார்க்க வந்த டெர்ரி என்ற சக போலீஸ்காரனை முதல் எபிசோடிலேயே முகத்தில் சுட்டுக் கொன்று, பழியை ஒரு போதை வியாபாரி மேல் போட்டுவிடுவான்.

ஆக, அவன் கொலைகாரன் என்று நமக்கு முதல் நாளே தெரியும். ஆனால் நான்கு சீசன் அவன் கூடவே அலைந்தபின் அது மறந்தே போய்விடுகிறது. ஆட்டிசம் உள்ள மகனுக்காக அவன் படும் பாட்டைப் பார்த்து, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாமே வேண்டிக்கொள்கிறோம்.

2006இல் வந்த ஐந்தாவது சீசனில்தான் கவனா வருகிறார். போலீஸ்காரர்களையே விசாரிக்கும் பிரிவின் அதிகாரி. நடித்தவர் அடுத்த வருடம் ஆஸ்கார் வாங்கிய ஃபாரஸ்ட் விட்டேக்கர். சூயிங்கம் மென்றுகொண்டே மெதுவாகப் பேசுவார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: டெர்ரியைக் கொன்றது யார்? நாம் மறந்துபோன பிணத்தைத் தோண்டி நம் முன்னால் போடுகிறார். கதையை மாற்றுவது இதுதான். பல தொடர்களில் புது எதிரி ஒரு வேகத்தடை மாதிரி வருவார், கதாநாயகன் ஏறி இறங்கிப் போய்விடுவார், அதோடு சரி.

இந்த சீசனை பெரம்பூரில் மாமா வீட்டில், அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். மாமா வடசென்னை ஸ்டேஷன்களில் வேலை பார்த்து சிறப்பு எஸ்.ஐ.யாக (எஸ்.எஸ்.ஐ.) ரிட்டயர் ஆனவர். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கவனா நேராக விக்கிடம் மோதவில்லை. விக்கின் நால்வர் குழுவில் ஒருவனான லெம்மைப் பிடித்தார். நால்வரில் மனசாட்சி கொஞ்சம் மிச்சமிருப்பது அவனிடம்தான். ஒரு ஹெராயின் பொட்டலத்தை அமுக்கி வைத்திருந்த விஷயம் கவனாவுக்குத் தெரிந்துவிட்டது. மாமா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரவுடிக்கு எவன் பயந்தான் மாப்ள? த்ரீ பி சார்ஜ் கொடுத்தாகூட எழுதிப் போட்டுக்கலாம். கூட டூட்டி பாத்தவன் வாயத் திறந்தா எங்க போறது?" என்றார். த்ரீ பி என்பது போலீஸ்காரர்கள் மேல் எடுக்கும் கடுமையான துறை நடவடிக்கை.

அந்தப் பயம்தான் இங்கேயும் வேலை செய்தது. லெம் கடைசிவரை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் காட்டிக்கொடுத்துவிடுவான் என்ற பயத்தில் நண்பன் ஷேனே அவன் காருக்குள் கையெறி குண்டைப் போட்டுக் கொன்றுவிடுகிறான். கவனா ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் அந்தக் குழுவைச் சிதைத்துவிட்டார்.

அவரும் தப்பவில்லை. விக்கைப் பிடித்தே தீர வேண்டும் என்ற வெறியில் ஆறாவது சீசனில் பொய்ச் சாட்சியம் ஜோடித்து, கடைசியில் தானே ஒப்புக்கொண்டு கைதாகிறார். அவர் தேடியது உண்மை, தேடிய வழி விக்கின் வழியாகிவிட்டது. இப்படித் தானும் மாறுகிற எதிரி வரும்போதுதான் யார் பக்கம் நிற்பது என்று நமக்கே திண்டாட்டமாகிறது.

லெம் செத்த எபிசோட் முடிந்ததும் மாமா, முதல் எபிசோடை மறுபடி போடச் சொன்னார். டெர்ரி சுடப்படும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தச் சொல்லி, கிட்டே போய்ப் பார்த்தார். "இந்தப் பையன் மூஞ்சிய அன்னிக்கு நான் சரியாவே பாக்கல மாப்ள" என்றார்.