கடலோர எலும்பும் கார்பன்-14 கணக்கும்: கேள்வி பதில்

கெப்பாளா பத்தாஸ் வாசகர்: அண்ணா, பினாங்கின் குவார் கெப்பாவில், பழங்கால மக்கள் தின்று போட்ட ஓடுகள் குவிந்த சிப்பி மேட்டில் 2017-ல் எலும்புக்கூடு கிடைத்ததே, அந்த மாதிரி எலும்புக்கு வயது சொல்வது ஏன் சிரமம்?

இறந்தபின் எலும்பிலுள்ள கார்பன்-14 சிதைந்து குறைந்துகொண்டே போகும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்தே வயதைக் கணக்கிடுகிறோம். சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது, தம்பி. ஆழ்கடலில் நெடுங்காலம் கிடந்த பழைய கார்பன் மேலே கலப்பதால், கடலின் மேல்நீர் காற்றைவிடச் சராசரியாக 400 ஆண்டு மூத்ததாகத் தெரியும். மீனும் சிப்பியும் அதையே உடம்பில் ஏற்கும். புரதத்தில் பாதி கடலிலிருந்து வந்தால், அந்த மனிதரின் எலும்பு சுமார் 200 ஆண்டு கூடுதல் வயது காட்டும்.

ஜார்ஜ் டவுன்: எவ்வளவு கடலுணவு என்று எப்படித் தெரியும்?

எலும்பிலுள்ள புரதமான கொலாஜனின் கார்பன்-13 அளவைப் பாருங்கள், அதை ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். நில உணவு மட்டும் என்றால் −20 அல்லது −21, கடலுணவே பிரதானம் என்றால் −12 பக்கம். கேழ்வரகு, கம்பு போன்ற தானியங்களும் எண்ணை அதே பக்கம் தள்ளும் என்பதால் நைட்ரஜன்-15-ஐயும் கேட்டு வாங்குங்கள். கடல்மீன் உண்டவரிடம் அது தெளிவாக உயர்ந்திருக்கும். பிறகு கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் இன்ட்கால்20 (நிலம்), மரைன்20 (கடல்) வளைவுகளை அந்த விகிதத்தில் கலக்க வேண்டும், அந்தந்தக் கடலுக்கான திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். திருத்தத்துக்கு 1950-க்கு முன் உயிரோடு எடுத்த, ஆண்டு தெரிந்த சிப்பிதான் ஆகும். பிந்தியவற்றில் அணுகுண்டுச் சோதனைக் கார்பன் ஏறியிருக்கும். இந்த எண்கள் இல்லாமல் வரும் கடலோர வயதை நான் ஏற்பதில்லை.

பட்டர்வொர்த்: பக்கத்தில் கிடந்த சிப்பியையே சோதித்தால் போதாதா?

போதாது. பழைய மேட்டைத் தோண்டிப் புதைத்திருந்தால் சிப்பி மூத்தது, குழி இளையது. கெராங் சிப்பியின் ஓடு அதன் இயல்பான சுண்ணாம்புப் படிகமான அரகோனைட்டாகவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேறு படிகமான கால்சைட் தென்பட்டால் கார்பன் இடம் மாறியிருக்கலாம். குழிக்குள்ளேயே கரி கிடைத்தால் நல்லது, அதிலும் தேங்காய்ச் சிரட்டைக் கரி. பெருமரத்தின் நடுக்கட்டை எரிக்கும் முன்பே நூறாண்டு மூத்ததாக இருக்கலாம்.

பாங்சார்: நம் வெக்கையில் கொலாஜன் மிஞ்சுமா ஐயா?

பல சமயம் மிஞ்சாது. முதலில் சில மில்லிகிராம் தூளில் நைட்ரஜன் பாருங்கள், 0.7 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் அரிய எலும்பை வீணாக்க வேண்டாம். தேறினால் தொடை எலும்பின் கெட்டிப் பகுதியில் அரை முதல் ஒரு கிராம். குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாதுவைக் கரைக்கும், 0.1 மோலார் காரம் மண்ணின் ஹியூமிக் அமிலத்தை எடுக்கும், மறுபடி அமிலம், பிறகு 70-75 பாகையில் ஜெலட்டினாக்கி வடிகட்டல். காரத்தை நீட்டினால் நலிந்த கொலாஜனும் போய்விடும். எடையில் 1 விழுக்காடாவது தேற வேண்டும், கார்பன்-நைட்ரஜன் அணு விகிதம் 2.9 முதல் 3.6-க்குள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வயதை வெளியிடாதீர்கள்.

சிப்பி மேட்டில் எலும்பின் உருவம் நன்றாக நிற்கும், ஏனென்றால் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை அடக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதே சுண்ணாம்பு கரைந்து தாதுப் பகுதியில் ஏறுகிறது, ஆகவே தாதுவில் எடுத்த வயது நம்பத்தக்கதல்ல.

பாங்சார்: ஒட்டுப் பசை பூசியிருந்தால்?

பெட்ரோலியப் பசையில் கார்பன்-14 இல்லை, வயதைக் கூட்டும். விலங்குப் பசை புதியது, குறைக்கும். அதுவும் கொலாஜன் என்பதால் பிரிப்பது மிகக் கடினம். 5,000 ஆண்டு எலும்பில் 1 விழுக்காடு புதுக் கார்பன் கலந்தால் சுமார் 70 ஆண்டு குறையும், 40,000 ஆண்டு எலும்பில் 7,000 ஆண்டு. மாதிரியைப் பசை பூசுமுன் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புங்கள்.