பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன? கேட்கும் விதம் ஏன் முக்கியம்?

ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று சாமியிடம் கேட்பதுதான் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூவுக்கு என்ன பதில் என்பதை முதலிலேயே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மண்டைக்காட்டு அம்மன் முன்னால் நின்று "எல்லாம் நல்லபடியா நடக்குமா?" என்று கேட்டால், எந்தப் பூ வந்தும் பயனில்லை. "இந்த மாசம் கடையைத் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் "பஸ் எப்ப வரும்?" என்றால், "எந்த ஊருக்கு?" என்றுதானே திருப்பிக் கேட்பார்கள்! கேள்வியைச் சுருக்கும்போதே நமக்கு என்ன வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும். பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் மனசு ஒரு நிறத்துக்காகத் துடிக்கும்; என்னைக் கேட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம், பிடித்த பூ வரும்வரை திரும்பத் திரும்பப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கேட்பதல்ல, பேரம்.